மேடவாக்கமா, முடிச்சூரா? வாடகை வீட்டுக்கு டோக்கன் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

காவிரிக்கரை:

வணக்கம். திருச்சியிலிருந்து ஜூன் மாதம் சென்னைக்கு மாறுகிறோம். எனக்கு வேலை கிண்டியில், மனைவிக்குச் சோழிங்கநல்லூரில். கூட அம்மா இருக்கிறார், 68 வயது, முழங்கால் வலி. மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம்.

முதலாவது மேடவாக்கத்தில், பெரும்பாக்கம் போகும் பக்கம். கீழே பார்க்கிங், அதற்கு மேல் இரண்டு மாடி, மொத்தம் 8 வீடு, லிஃப்ட் கிடையாது. நமக்கு இரண்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. 2 பிஎச்கே, வாடகை 18,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், மெயின்டனன்ஸ் 2,000. ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய மச்சான்தான் வீட்டைத் திறந்து காட்டினார். அக்ரிமென்ட்டில் தானே கையெழுத்துப் போடுவதாகவும், வாடகையைத் தன் கணக்கில் போடும்படியும் சொல்கிறார்.

இரண்டாவது முடிச்சூரில், தனி வீட்டின் தரைத்தளம். ஓனர் குடும்பம் மாடியில். வாடகை 13,500, அட்வான்ஸ் 60,000, மெயின்டனன்ஸ் இல்லை. முழு வீட்டுக்கும் ஒரே இ.பி. சர்வீஸ், நமக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். போர் தண்ணீர்.

இரண்டு நாளில் 10,000 டோக்கன் கொடுக்கச் சொல்லி புரோக்கர் அவசரப்படுத்துகிறார். 11 மாத அக்ரிமென்ட் போதுமா? எந்த வீடு நல்லது? நேரில் போனால் எதையெல்லாம் சோதிக்கணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிவாய்க்கால்:

வாடகை வித்தியாசத்தை ஓரமாக வையுங்கள் சார். தென்சென்னைப் புறநகரில் முதலில் பார்க்க வேண்டியது, மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தெருவில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் முழுக்க அடையாற்றுக்குத்தான் வருகிறது. ஆற்றில் வெள்ளம் நிறைந்து ஓடும்போது தெருத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு நிறைய வடிகால் வேலை நடந்திருக்கிறது, ஆனாலும் அங்கே தரைத்தளம் எடுப்பவர் தெருத்தெருவாக விசாரித்துத்தான் எடுக்க வேண்டும். முடிச்சூர் முழுவதும் மூழ்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மெயின் ரோடு பக்கம் மேடான தெருக்கள் உண்டு.

மேடவாக்கமும் விதிவிலக்கு இல்லை. பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்து ஏரிகளெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வடிந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். வெளியேறும் வழி குறுகல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு அதுதான் காரணம். நீங்கள் இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வராது. ஆனால் கீழே பார்க்கிங்கில் வண்டி, மோட்டார், மீட்டர் போர்டு, சம்ப் எல்லாம் இருக்கும். சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளமும் சாக்கடையும் அதற்குள் இறங்கிவிடும். வடிந்த பிறகும் சம்ப்பைக் கழுவி, குளோரின் போட்டு, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பும் வரை மேலே இருப்பவர்களுக்கும் தண்ணீர் கிடையாது. மூடியைச் சுற்றி ஒன்றரை அடியாவது கட்டி உயர்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். மீட்டர் போர்டு இடுப்பளவுக்கு மேல் இருந்தால் நல்லது. மின்பெட்டிக்குக் கீழே சுவரில் பழுப்பாகக் கோடு தெரிந்தால், தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

ஜூனில் குடிபோகிறவருக்கு மழையில் தெருவைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. அதனால் தடயங்களைப் படிக்கணும். காம்பவுண்டுச் சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதுப் பெயின்டா? அக்கம்பக்கத்து வீடுகளில் வாசற்படியில் கரைபோலச் சின்னச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? தெரு மட்டத்தை விட வீட்டு வாசல் தாழ்வா? ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, பல தெருக்களில் வீடு பள்ளமாகிவிட்டது. இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டுப் பெரியவர் ஆகியோரிடம் கேளுங்கள். "தண்ணி வருமா" என்று கேட்டால் வராது என்று சொல்லிவிடுவார்கள். "2015ல எத்தனை படி வரைக்கும் வந்துச்சு, 2023ல எத்தனை நாள் நின்னுச்சு" என்று கேட்டால் சரியான பதில் வரும். புரோக்கர் கூட இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

குழாய்வேலை:

தண்ணி பத்தி நான் சொல்றேன்.

காலைல ஆறரையிலேர்ந்து எட்டு மணிக்குள்ள போங்க. எல்லா வீட்டுலயும் குளிக்கிற நேரம் அதான். ஷவர், கிச்சன் டேப் ரெண்டையும் ஒண்ணா திறந்து, ஃப்ளஷையும் அழுத்திப் பாருங்க. மேடவாக்கம் வீட்டுக்கு மேல மொட்டை மாடிலதான் டேங்க் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்னு கணக்கு. டேங்க்ல நிக்கிற தண்ணி மட்டத்துக்கும் உங்க ஷவருக்கும் நடுவுல ரெண்டு மீட்டர்தான் இருக்கும்னா 0.2 பார்தான் கிடைக்கும். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு 0.3லேர்ந்து 0.5 பாராவது வேணும், இல்லன்னா தண்ணி வரலைன்னு எர்ரர் காட்டி நின்னுடும். உங்ககிட்ட அந்த மெஷின் இருந்தா சின்ன பிரஷர் பம்ப் போட ஓனர் ஒத்துக்குவாரான்னு இப்பவே கேட்டுடுங்க. டேங்க்லேர்ந்து வர்ற பைப் பொதுவா எல்லா வீட்டுக்கும் போனா அதுல பம்ப் போடக்கூடாது, மத்த வீட்டுத் தண்ணிய இழுத்துடும். உங்களுக்குத் தனி லைன் இருக்கணும்.

அப்புறம் போர் தண்ணி. தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்கிக்கோங்க, சில நூறு ரூபாதான். இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 படி குடிக்கிற தண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும். வீட்டு ஆர்ஓ மெஷின் பெரும்பாலும் 2,000க்கு மேல தாங்காது, மெம்பரேன் சீக்கிரம் போயிடும். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு மாறும், அதனால பக்கத்து வீட்டு அளவை நம்பாதீங்க. பேனா உப்பைக் காட்டும், இரும்பைக் காட்டாது. அதுக்குத் தெளிவான பாட்டில்ல பிடிச்சு ராத்திரி முழுக்க வெச்சுப் பாருங்க. பிடிக்கும்போது தெளிவா இருந்து காலைல அடில செம்மண் மாதிரி படிஞ்சிருந்தா இரும்பு இருக்குன்னு அர்த்தம், வெள்ளைத் துணி எல்லாம் மஞ்சளாயிடும். டேப் நுனி, ஷவர் ஓட்டைல வெள்ளையா உப்பு கட்டியிருக்கான்னு பாருங்க. அந்தத் தண்ணில கீசர் காயில் மேல உப்பு ஏறி சீக்கிரம் போயிடும்.

முக்கியமா மேடவாக்கத்துல அந்த 2,000 மெயின்டனன்ஸ்ல லாரித் தண்ணி சேர்த்தியான்னு கேளுங்க. கணக்கு ரொம்ப சுலபம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது அரசாங்க அளவு. நாலு பேர், எட்டு வீடுன்னா ஒரு நாளைக்கு 4,320 லிட்டர். போர் வத்திப்போச்சுன்னா 12,000 லிட்டர் லாரி மூணு நாளைக்குக்கூட வராது, மாசத்துக்கு 11 லாரி. லாரி 1,500 ரூபான்னு வெச்சுக்கிட்டாலே வீட்டுக்கு 2,000 ரூபாக்கு மேல ஆகுது. ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் அந்தச் செலவு மெயின்டனன்ஸ் மாதிரி இன்னொரு மடங்கு. போன மே மாசம் எத்தனை லாரி வாங்கினாங்கன்னு அசோசியேஷன் நோட்டுல இருக்கும், கேட்டுப் பாருங்க. வீடு வீடா சமமா பிரிக்கிறாங்களா, ஆள் கணக்கான்னும் கேட்டுக்கோங்க.

முடிச்சூர் வீட்டுல செப்டிக் டேங்க்தான் இருக்கும். மழைக்காலத்துல நிலத்தடி நீர் ஏறினா டேங்க்ல இருக்கிறது வெளிய இறங்காது, தரைத்தளத்து டாய்லெட்லதான் முதல்ல எதிர்த்து வரும். மாடிக்காரங்க தண்ணி விட விட கீழ பொங்கும். டேங்க் எங்க இருக்கு, கடைசியா எப்ப லாரி வெச்சு எடுத்தாங்க, அந்தச் செலவு யாரோடது, மூணையும் கேட்டுடுங்க. போர் பக்கத்துலயே செப்டிக் டேங்க் இருந்தா அந்தத் தண்ணியக் குடிக்க, சமைக்க எடுக்கவே எடுக்காதீங்க.

பழையபத்திரம்:

மேடவாக்கம் வீட்டில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார். அதில் இரண்டு சிக்கல்.

முதலில், மச்சான் எந்த உரிமையில் கையெழுத்துப் போடுகிறார்? தன் சார்பில் செயல்பட ஓனர் அதிகாரம் கொடுத்த பவர் பத்திரம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். வாடகைக்கு விடவும், அட்வான்ஸ் வாங்கவும், திருப்பித் தரவும் அதிகாரம் உண்டு என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டைப் பராமரிக்க மட்டும் பவர் கொடுத்துவிட்டு, பிறகு "அட்வான்ஸ் என் கைக்கு வரவில்லை" என்று ஓனர் சொன்னால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பவர் இல்லையென்றால் ஓனரே கையெழுத்திட்டு அனுப்பட்டும். ஓனரிடம் ஒருமுறை வீடியோவில் பேசி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, வருமான வரி. ஓனர் உள்ளூரில் இருந்தால் மாத வாடகை 50,000 தாண்டும்போதுதான் வாடகைதாரர் வரி பிடிக்க வேண்டும். ஓனர் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பு கிடையாது. 18,000க்கும் பிடிக்க வேண்டும், 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம். மாதம் 5,616 ரூபாயை நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்டி, மீதி 12,384ஐ ஓனருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் பெயரில் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்து, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் ஓனர் சான்றிதழ் வாங்கித் தரலாம், அது அவர் வேலை. மச்சான் கணக்கில் போடுவதால் இந்தக் கடமை போய்விடாது. பிடிக்காமல் விட்டால் வட்டியோடு உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள் பழைய வரிமுறையில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கழிவு கேட்பவராக இருந்தால் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் ஓனரின் பான் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே இந்த விஷயம் வெளியே வந்துவிடும். இதை ஓனரிடம் இப்போதே பேசுங்கள். பல ஓனர்கள் வாடகை ஆரம்பித்த பிறகு கேட்டால் கோபப்படுவார்கள்.

11 மாதம் பற்றிக் கேட்டீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி 11 மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிந்து எண் வாங்க வேண்டும். இது சார்பதிவாளர் பதிவிலிருந்து வேறானது. முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இதே சட்டத்தில் உங்களுக்குப் பயன்படுபவை இவை. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. உங்களிடம் கேட்பது எட்டு மாதத்துக்கும் மேல். சென்னையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பது சகஜம்தான், ஆறு மாதத்துக்கு, அதாவது 1,08,000க்கு மேல் நான் கொடுக்க மாட்டேன், பேசிக் குறையுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஓனர் வீட்டைப் பார்க்க வர 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது.

ஒப்பந்தத்தில் தவறாமல் வர வேண்டிய வரிகள்: எத்தனை மாத நோட்டீஸ் (இரண்டு பக்கமும் ஒரே அளவு), 11 மாதம் முடிந்தால் எத்தனை சதவீதம் ஏற்றம், பார்க்கிங் இடத்தின் எண், லாரித் தண்ணீர்ச் செலவு யாருடையது, அட்வான்ஸ் தொகையும் கொடுத்த விதமும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பேன் என்ற வரி பெரும்பாலான மாதிரிப் படிவங்களில் தானாகவே இருக்கும். சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும், பெரிய பைப், வயரிங் வேலையும் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் போன்ற சில்லறை வேலை வாடகைதாரர் பொறுப்பு. ஆனால் வேறு விதமாக எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே செல்லும். அதனால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது "இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

டோக்கன் கொடுப்பதாக இருந்தால் ஓனர் கணக்குக்கே அனுப்பி, "பவர் பத்திரம் காட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சம்மதம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.

மீட்டர்போர்டு:

முடிச்சூர் சப் மீட்டர் 9 ரூபாய் விஷயத்தை யாரும் தொடவில்லை. தனி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016லிருந்து இருக்கிறது. தனி இணைப்பில் நீங்கள் 200 யூனிட் ஓட்டினால் 100 யூனிட்டுக்குத்தான் பணம், அதுவும் மிகக் குறைந்த அடுக்கில். சப் மீட்டரில் அதே 200 யூனிட்டுக்கு 1,800 ரூபாய். ஏசி ஓடும் மாதங்களில் 400 யூனிட் போனால் 3,600. ஓனர் பேராசையால் கேட்கிறார் என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் அடுக்குக் கணக்கே மாறி, எல்லோருக்கும் விலை ஏறும். சரியான தீர்வு தனி சர்வீஸ். தனி வாசல், தனிச் சமையலறை இருக்கும் தளத்துக்குத் தனி இணைப்பு கேட்டு ஓனர் மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒத்துக்கொண்டால்தான் 13,500 உண்மையில் 13,500.

மேடவாக்கத்தில் பொது மோட்டார், மாடிப்படி விளக்கு பில் தனியாக வரும். பொதுப் பயன்பாட்டுக்கு வீட்டு விலை கிடையாது, கூடுதல் விலை. 10 வீடு வரை, மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023இல் அந்த விலையைக் குறைத்தார்கள். உங்கள் எட்டு வீட்டுக் கட்டடம் அதில் வரும். அசோசியேஷன் அந்தச் சலுகையை வாங்கியிருக்கிறதா என்று பொது மீட்டர் பில்லைப் பார்த்தால் தெரியும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது: மெயின் பாக்ஸில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதில் 30 எம்ஏ என்று போட்டிருக்கிறதா? அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கரன்ட் உடனே போக வேண்டும். போகவில்லை என்றால் அது இருந்தும் உபயோகமில்லை. உப்புத் தண்ணீர் கீசரோடு சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம், புதிது போட்டுத் தரச் சொல்லிவிட்டுத்தான் குடிபோக வேண்டும். ஏசி, கீசருக்கு 16 ஆம்ப் பிளக்கும், மெயின் பாக்ஸிலிருந்து தனி வயரும் இருக்கணும். கீசரைப் போட்டுவிட்டு அதன் உலோகப் பகுதியில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எர்த் சரியில்லை.

மேல் மாடி என்பதால் இன்னொன்று. மொட்டை மாடியில் வெள்ளை நிறக் குளிர் டைல்ஸோ பழைய தட்டோடோ இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். வெறும் சிமென்ட் தளம் என்றால் மே மாதம் இரவு பன்னிரண்டு மணிக்கும் சீலிங் சூடு இறங்காது, ஏசி பில் அதற்கேற்ப ஏறும். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை போய் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சீலிங்கில் பெயின்ட் உரிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் மழைக்குக் கசிவு நிச்சயம்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. விசாரித்துவிட்டேன். மேடவாக்கத்தில் லாரித் தண்ணீர் மெயின்டனன்ஸில் சேராதாம். பவர் பத்திரம் "வந்துகொண்டிருக்கிறது" என்கிறார் மச்சான். முடிச்சூர் ஓனர் தனி சர்வீஸுக்கு யோசிக்கிறேன் என்றார். எதிர்வீட்டில் கேட்டால், 2015இல் ஜன்னல் அடி வரை, 2023இல் வாசற்படி வரை என்றார்கள்.

நடுவில் புரோக்கர் இன்னொன்று காட்டுகிறார். மேடவாக்கத்திலேயே முதல் மாடி, லீஸுக்கு. 8 லட்சம் கொடுத்தால் இரண்டு வருடம் வாடகையே இல்லை, முடிவில் 8 லட்சமும் திருப்பிக் கிடைக்கும் என்கிறார். அம்மாவுக்குப் படி குறையுமே என்று ஆசையாக இருக்கிறது.

பழையபத்திரம்:

லீஸில் நிதானமாக இருங்கள். 8 லட்சத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் எல்லாமே. சென்னையில் திரும்பத் திரும்ப நடக்கும் மோசடி இப்படி: நடுவில் ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறார். அதே வீட்டை வேறொருவருக்குப் பல லட்சத்துக்கு லீஸ் விடுகிறார். சில மாதம் ஓனருக்கு ஒழுங்காக வாடகை கட்டுவார், பிறகு தொலைபேசியை அணைத்துவிடுவார். ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியும். ஓனருக்கு உங்கள் 8 லட்சம் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

உண்மையான ஓனராகவே இருந்தாலும், வங்கிக் கடனில் வீடு அடமானத்தில் இருந்து தவணை நின்றுபோனால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும். உங்கள் லீஸ் தொகை கடைசி வரிசையில் நிற்கும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்கள், கடன்களின் பட்டியல்) 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் "உரிமை மூல ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று பதிவு செய்வார்கள், அந்தப் பதிவு சான்றில் தெரியும். அதற்குப் பிறகு கடன் அடைந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் இருக்கிறது. ஆவணத்தில் உள்ள பெயர், சொத்து வரி ரசீதில் உள்ள பெயர், மின் இணைப்புப் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஓனர் இறந்துபோய் மகன் வாடகைக்கு விடுகிறார் என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு வருட லீஸ் என்பதால் சார்பதிவாளரிடம் பதிவு கட்டாயம். "பதிவு வேண்டாம், செலவு அதிகம், 11 மாதமாக இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேம்ப்ரோடு:

நீங்கள் இரண்டு ஊரை மட்டும் பார்ப்பது ஏன் என்று புரியவில்லை சார். உங்களுக்குக் கிண்டி, மேடத்துக்குச் சோழிங்கநல்லூர். முடிச்சூரில் இருந்தால் உங்களுக்கு வசதி. தாம்பரம் ஸ்டேஷன் வந்து மின்சார ரயில் ஏறினால் கிண்டி நேராகப் போய்விடலாம். ஆனால் மேடம் தினமும் மேற்குத் தாம்பரத்திலிருந்து கிழக்குக்குக் கடந்து, வேளச்சேரி ரோட்டில் மேடவாக்கம் வரை வந்து, அங்கிருந்து சோழிங்கநல்லூர் போகணும். மேடவாக்கத்தில் அவருக்கு நல்லது, உங்களுக்கு ரயிலே இல்லை. கீழ்க்கட்டளை வழியாகப் போகும் ரோட்டில் மெட்ரோ ஐந்தாவது வழித்தட வேலை வேறு நடக்கிறது.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் மூன்றையும் பாருங்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கம், வேளச்சேரி ரோடு வாசலிலேயே, சோழிங்கநல்லூரும் முடிச்சூரிலிருந்து போவதை விடப் பக்கம். சேலையூர், செம்பாக்கம் பகுதிகள் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகின்றன. மேடவாக்கம், முடிச்சூர் இரண்டும் ஊராட்சி என்பதால் குப்பை, தெருவிளக்கு, வடிகால் புகாருக்குப் போகும் இடமே வேறு. இங்கேயும் ஏரியை ஒட்டிய தெருக்கள் தாழ்வுதான், ஏரிவாய்க்கால் சொன்ன சோதனைகளை அப்படியே செய்யுங்கள்.

அம்மாவுக்காக முதல் மாடி தேடுங்கள், தரைத்தளம் வேண்டாம். ஒரு மாடிக்கு 18 முதல் 20 படி, நடுவில் ஒரு திருப்பம். படியின் உயரம் ஆறு அங்குலத்துக்குள், இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி இருந்தால் முழங்கால் வலியோடும் ஒரு நாளைக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடலாம். சில கட்டடங்களில் ஏழரை அங்குலம் வரை வைத்துவிடுகிறார்கள், அது இரண்டே மாதத்தில் அவரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடும். டேப் வைத்து அளந்து பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துச் சுவரில் கைப்பிடி பொருத்தத் துளை போட ஓனர் சம்மதிப்பாரா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். இங்கே 2 பிஎச்கே மேடவாக்க வாடகைக்கே கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டும். நாளிதழ் போடுபவர், பால் போடுபவரிடம் சொல்லி வைத்தால் போர்டு தொங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும், ஒரு மாத வாடகை புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

மீட்டர்போர்டு:

எந்த வீடானாலும் சாவி வாங்கும் அன்று, சாமான் இறங்குவதற்கு முன், மீட்டர் அளவைத் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். மின் இணைப்பு எண்ணைப் போட்டு பழைய பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும், கட்டாவிட்டால் உங்கள் வீட்டில்தான் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் குடிபோனால் முதல் பில்லை யூனிட் கணக்கில் பிரிக்கணும், நாள் கணக்கில் பிரித்தால் சரியாக வராது. பில்லில் காப்புத்தொகை என்று சேர்ந்து வந்தால் அது ஓனர் பெயரில் நிற்கும் பணம், அவரையே கட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வோர் அறையாக வீடியோ எடுக்கும்போது சீலிங் மூலை, பாத்ரூம் கதவின் அடிப்பகுதி, கிச்சன் மேடையின் கிரானைட் விரிசல், ஜன்னல் வலை நான்கையும் விடாதீர்கள். காலி செய்யும்போது பணம் பிடிப்பது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். எத்தனை ஃபேன், எத்தனை விளக்கு, எத்தனை சாவி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

குழாய்வேலை:

கேஸ் மறந்துடாதீங்க. திருச்சி ஏஜென்சில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிட்டு வாங்க, டெபாசிட்டையும் திருப்பித் தருவாங்க. அந்த வவுச்சரையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டினா இங்க புது ஏஜென்சில அதே பழைய டெபாசிட் தொகைக்குக் கனெக்‌ஷன் கொடுப்பாங்க. சிலிண்டரை லாரில ஏத்திக் கொண்டு வராதீங்க, இங்க யாரும் மாத்தித் தர மாட்டாங்க.

குடிபோறதுக்கு முன்னாடி ஓவர்ஹெட் டேங்க் எப்ப கழுவினாங்கன்னு கேளுங்க. ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா முதல்ல கழுவச் சொல்லுங்க.